இல்லாத கருவிகளின் பட்டியல்

கட்டளையை அடித்து என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை வராது, மடிக்கணினியின் விசிறி மட்டும் வேகமெடுக்கும். கியூஎமு என்ற எமுலேட்டரில் 64 பிட் ஆர்ம் லினக்ஸை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிற பலருக்கும் கிடைக்கிற வரவேற்பு இது. காரணம் சின்னது. 'விர்ட்' என்ற போர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு சிபியு எது என்று சொல்லாமல் விட்டால், கியூஎமு தானாகவே கார்டெக்ஸ்-ஏ15-ஐ எடுத்துக்கொள்ளும். அது 32 பிட் சிபியு. 64 பிட் கர்னலின் முதல் வரியே அதற்குப் புரியாது.

சரி, வெளியே வந்து பார்க்கலாம் என்று கன்ட்ரோல்-சி அடித்தால் அதுவும் வேலை செய்யாது. திரையில்லாத முறையில் ஓடும்போது அந்த விசைகள் உள்ளே ஓடும் கணினிக்குப் போய்விடும். அதுவோ முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கன்ட்ரோல்-ஏ அடித்து, கையை எடுத்து, எக்ஸ் அடிக்க வேண்டும். தெரியாதவர்கள் டெர்மினலையே மூடிவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு விஷயமும் கையேட்டில் இருக்கின்றன. சிபியு பற்றிய குறிப்பு 'விர்ட்' போர்டின் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம். விசைகளுக்குத் தனிப் பக்கமே உண்டு. அந்த ஒற்றை வாக்கியம் போன்றவற்றை எழுதுவது, எழுதியது இன்றைக்கும் உண்மைதானா என்று ஓட்டிப் பார்ப்பது, ஆள் தேடும் இடத்துக்கு அதை நகர்த்துவது: இவைதான் இங்கே சொல்லப்போகும் ஆவண எழுத்தாளரின் வேலை.

அவர் எம்பெடட் மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப ஆவணங்களைக் கவனிப்பவர். போர்டு கையில் வந்து சேருவதற்கு முன்பே மென்பொருள் குழு வேலையைத் தொடங்கியாக வேண்டும், அதற்குத்தான் எமுலேட்டர். உண்மையான போர்டுக்கு டேட்டாஷீட் இருக்கும். எமுலேட்டருக்குள் இருக்கிற போர்டு, அந்த டேட்டாஷீட்டில் பாதியும் எழுதியவருக்குத் தேவைப்பட்ட இன்னும் கொஞ்சமும் சேர்ந்தது. எது எந்தப் பாதி என்று சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது, அந்த வேலை அவர் மேசைக்கு வந்தது.

பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் கியூஎமுவை வெளியிட்டார். ஒரு சிபியுவுக்காக எழுதிய கட்டளைகளை, ஓடும்போதே இன்னொரு சிபியுவின் கட்டளைகளாக மாற்றுகிற அதன் உத்தியை 2005-ல் யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரை ஒன்றில் விளக்கினார். பிறகு அது எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்முடன் சேர்ந்து மேகக் கணினி மையங்களில் ஓடுகிறது. இன்னொரு பக்கம், கல்லூரி மாணவர் ஒருவர் ராஸ்பெர்ரி பை வாங்கக் காசில்லாமல் அதில் பழகுகிறார். இரு தரப்புக்கும் ஒரே கையேடு. இந்தத் தொழிலின் பெரிய தலைவலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நீண்ட காலம் அந்தக் கையேடு டெக்ஸின்ஃபோ வடிவில் இருந்தது. மேன் பக்கம் வேண்டுமென்றால் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் அதை வேறொரு வடிவத்துக்கு மாற்றும், அங்கிருந்து இன்னொரு கருவி மேன் பக்கமாக்கும். 2020 ஏப்ரலில் வந்த 5.0 பதிப்பை ஒட்டி எல்லாம் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாறியது. ஒரே நீளப் பக்கமாக இருந்தது, சிஸ்டம் எமுலேஷன், யூசர் எமுலேஷன், துணைக் கருவிகள், வன்பொருள் வரையறைகள், டெவலப்பருக்கானவை என்று பிரிந்தது. ஆனால், பழைய ஒற்றைப் பக்கத்தில் கன்ட்ரோல்-எஃப் அடித்துத் தேடிப் பழகியவர்கள் இன்னும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அவரும் அவர்களில் ஒருவர்.

அந்த மாற்றத்தைத் தாண்டியும் தப்பிப் பிழைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. கட்டளை வரியில் கொடுக்கும் ஆப்ஷன்கள் அத்தனையும் ஒரே கோப்பில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆப்ஷனின் பெயர், 'ஹெல்ப்' என்று அடித்தால் வரும் குறுவிளக்கம், கையேட்டில் வரும் நீள விளக்கம் மூன்றும் அடுத்தடுத்து. கியூஎமுவை மூலநிரலிலிருந்து கட்டும்போது ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பிரித்து, ஒரு பகுதியை நிரலுக்கும் மறு பகுதியைக் கையேட்டுக்கும் அனுப்பும். ஆப்ஷனைத் தொடுகிற டெவலப்பரின் கண்ணில் ஆவணம் பட்டே தீரும். ஆவணத்துக்குத் தனிக் கோப்பு, தனி ஆள், தனிக் காலக்கெடு என்று வைத்திருக்கும் மற்ற திட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்படித் தனியாக வைத்த இடங்களில் ஆவணம் இரண்டு பதிப்பு பின்தங்கித்தான் நடக்கும்.

என்றாலும் அந்த ஏற்பாடு ஆப்ஷன்களை மட்டுமே காப்பாற்றும். போர்டுகளின் பக்கங்களில் உள்ள எடுத்துக்காட்டுக் கட்டளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அவர் கையாளும் முதல் விதி: ஓட்டிப் பார்க்காத கட்டளை பக்கத்தில் இருக்கக் கூடாது. நிறுவனத்துக்குள் அவர் வைத்திருக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஆவணக் கோப்புகளிலிருந்து கட்டளைகளை உருவி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கால வரம்புக்குள் ஓட்டி, சீரியல் போர்ட்டில் 'லாகின்' என்ற சொல் வந்ததா என்று பார்க்கும். வராதவற்றின் பட்டியல் காலையில் மேசைக்கு வரும். பெரும்பாலும் அதில் தவறு கட்டளையுடையதாக இருக்காது. டவுன்லோட் செய்த லினக்ஸ் இமேஜ் இடம் மாறியிருக்கும், அல்லது கீழே ஓடுகிற கணினியில் ஏதோ லைப்ரரி இல்லாமல் போயிருக்கும்.

லைப்ரரி விஷயத்துக்கு நல்ல உதாரணம் 7.2 பதிப்பு. கியூஎமுவின் எளிய நெட்வொர்க் முறைக்கு அடிப்படையான 'ஸ்லர்ப்' என்ற லைப்ரரி அதற்கு முன்பு மூலநிரலோடு சேர்ந்தே வந்தது. 7.2-ல் அதை நீக்கிவிட்டார்கள். தனியாக நிறுவியிருந்தால்தான் உண்டு. நிறுவாமல் கட்டினாலும் எல்லாம் வெற்றிகரமாக முடிந்துவிடும். பிறகு வழக்கமான நெட்வொர்க் ஆப்ஷனைக் கொடுத்தால், அது இந்த நிரலில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். ஆப்ஷன் மாறவில்லை, கையேட்டின் வரியும் மாறவில்லை, ஆனாலும் கையேடு தப்பாகிவிட்டது. நெட்வொர்க் பக்கத்தைத் திருத்தி என்ன பயன்? திருத்த வேண்டியது கட்டும் முறையைச் சொல்லும் பக்கத்தை.

அந்த நெட்வொர்க்கிலேயே இன்னொரு கதை. குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் வந்து நின்றான்.

"அக்கா, நெட் வரமாட்டேங்குது. பிங் அடிச்சா பதிலே இல்ல."

"பிங்கை விடு. ஏதாவது ஒரு பக்கத்தை டவுன்லோட் பண்ணிப் பாரு."

"அட, அது வருதே!"

கியூஎமுவின் இந்த முறையில் உள்ளே ஓடும் கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். 10.0.2.2 வாசல், 10.0.2.3 பெயர் தேடும் சர்வர். எல்லாம் கற்பனை நெட்வொர்க். வெளியே போகும் ஒவ்வோர் இணைப்பையும் சாதாரணப் பயனர் ஒருவரின் நிரல் திறப்பதுபோலத்தான் கியூஎமு திறக்கும். டிசிபி, யுடிபி இரண்டும் அப்படிப் போகும். பிங் போகாது, ஏனென்றால் முன்பெல்லாம் பிங் பாக்கெட் அனுப்ப ரூட் அதிகாரம் தேவைப்பட்டது. வாசலுக்கு மட்டும் பிங் அடிக்கலாம், அதற்குக் கியூஎமுவே பதில் சொல்லிவிடும். பின்னர் 2011-ல் லினக்ஸ் 3.0 வந்தது, ரூட் இல்லாமலும் பிங் அனுப்ப அதில் வழி பிறந்தது, நிர்வாகி ஒரு அமைப்பைத் திறந்துவிட்டால். கியூஎமு அதையும் பயன்படுத்திக்கொண்டது. ஆக, 'பிங் வேலை செய்யாது' என்ற ஒரு வரி, 'பொதுவாகச் செய்யாது, வாசலுக்குச் செய்யும், லினக்ஸில் இன்ன அமைப்பு இருந்தால் வெளியேயும் செய்யும்' என்று மூன்று வரியானது. எமுலேட்டருக்கு வெளியே நடந்த மாற்றம் உள்ளே இருக்கும் வாக்கியத்தை நீட்டிவிடுகிறது.

அந்தப் பத்தியை அவர் தன் நிறுவனத்தின் கையேட்டில் எடுத்தாண்டபோது ஒரு மாற்றம் செய்தார். காரணத்தை முதலில் வைக்காமல், 'நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று பிங் வைத்துச் சோதிக்காதீர்கள்' என்ற வரியை மேலே ஏற்றினார். அதன்பின் அந்தக் கேள்வி வருவது குறைந்தது.

பழைய கட்டளைகள் சாவதில்லை. இது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிற விஷயம். எக்ஸ்86 கணினிக்கான நிரலின் பெயர் ஒரு காலத்தில் வெறும் 'கியூஎமு'. 2011 இறுதியில் 1.0 வந்தபோது அது கட்டமைப்பின் பெயரோடு சேர்ந்த நீளப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் யாராவது ஒருவர் பழைய பயிற்சிப் பக்கத்தைப் பார்த்து அந்தச் சின்னப் பெயரை அடித்துவிட்டு, 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற பதிலோடு வருவார். வேகத்துக்காக 'கேகியூஎமு' என்ற கர்னல் மாட்யூலைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. அது நீக்கப்பட்டு ஒரு தலைமுறையே ஆகிறது.

ராஸ்பெர்ரி பை கதை இன்னும் விசேஷம். பை போர்டுகளைக் கியூஎமு நேரடியாக ஆதரிக்காத ஆரம்ப காலத்தில், 'வெர்சடைல்பிபி' என்ற ஆர்ம் நிறுவனத்தின் பழைய சோதனைப் போர்டை எடுத்து, பையின் சிபியுவை அதில் மாட்டி, அதற்கென்று தனியாகத் தொகுத்த கர்னலைப் போட்டு ஓட்டுவார்கள். அந்தப் போர்டில் 256 எம்பி நினைவகத்துக்கு மேல் கிடையாது. பை என்று பெயர், உள்ளே பையின் ஒரு கருவிகூட இல்லை. நேரடியான பை போர்டுகள் வந்து ஆண்டுகள் ஆன பிறகும் அந்த 256 பல கட்டளைகளில் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதை இன்றைய பை போர்டுக்குக் கொடுத்தால் கியூஎமு ஓட மறுத்து, நினைவகம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அளவைச் சொல்லிவிடும். போர்டில் எவ்வளவு பற்றவைத்திருக்கிறார்களோ அதுதான்.

அந்தப் பிழைச்செய்தி அவருக்குப் பிடித்தமானது. கையேட்டைத் திறக்காதவரிடமும் போய்ச் சேர்கிற ஆவணம் பிழைச்செய்தி ஒன்றுதான். அவர் குறிப்பாகப் பாராட்டுவது எஸ்டி கார்டு பற்றிய செய்தியை. 2020-ல் எஸ்டி கார்டு எமுலேஷனில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தது. கார்டின் எல்லையைத் தாண்டிய முகவரியைக் கொடுத்துக் கியூஎமுவின் நினைவகத்தைத் தொட முடிந்தது. அதைச் சரிசெய்த கையோடு, இமேஜ் கோப்பின் அளவு 2-ன் அடுக்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. டவுன்லோட் செய்யும் இமேஜ்கள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. ஆனால் செய்தியை எழுதியவர் புத்திசாலி: உங்கள் அளவு இவ்வளவு, இருக்க வேண்டியது 2-ன் அடுக்கு, உதாரணமாக 2 ஜிபி, இந்தக் கருவியில் இப்படி அடித்தால் அளவை மாற்றலாம் என்று கட்டளையையே எழுதிவிட்டார். ஆவண எழுத்தாளர் எழுத நினைத்த பத்தி ஏற்கெனவே திரையில் இருந்தது. செய்தியிலேயே இருந்த எச்சரிக்கை ஒன்றை மட்டும் அவர் ஆவணத்திலும் அழுத்திச் சொன்னார்: அளவைக் கூட்டுங்கள், குறைத்தால் உள்ளே இருப்பது வெட்டுப்படும்.

இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு. 'ரா' டிஸ்க் இமேஜ் ஒன்றை அதன் வடிவம் என்ன என்று சொல்லாமல் கொடுத்தால் ஒரு நீள எச்சரிக்கை வரும்: வடிவத்தை யூகித்திருக்கிறேன், இது ஆபத்து, முதல் பிளாக்கில் எழுதுவதைக் கட்டுப்படுத்துவேன். யாரும் அதைப் படிப்பதில்லை, ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். என்ன ஆபத்து என்பது அதில் இல்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், வெறும் பிட்டுகளாக இருக்கும் 'ரா' இமேஜின் தொடக்கத்தில், உள்ளே ஓடும் கணினி தானே 'க்யூகௌ2' வடிவத்தின் தலைப்பை எழுதிவிடலாம். அந்தத் தலைப்பில் 'என் பின்னணிக் கோப்பு இது' என்று வெளிக் கணினியின் ஏதோ ஒரு கோப்பின் பெயரைப் போடலாம். அடுத்த முறை கியூஎமு வடிவத்தை யூகிக்கும்போது ஏமாந்து, அந்தக் கோப்பை உள்ளே திறந்து காட்டிவிடும். விருந்தாளி வீட்டுச் சாவியைத் தானே செய்துகொள்வதுபோல. இதை நான்கு வரியில் விளக்கிய பிறகுதான் குழுவில் இருந்தவர்கள் வடிவத்தைக் குறிப்பிடத் தொடங்கினார்கள். கையேட்டின் எடுத்துக்காட்டுகளில் அது இல்லாத இடங்களைத் தேடிச் சேர்ப்பது ஒரு முடியாத வேலை. ஒன்றைச் சேர்த்தால் புதிய பக்கம் ஒன்று அது இல்லாமலே வந்து நிற்கும்.

பாதுகாப்பு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். கேவிஎம்முடன் ஓடும்போது உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது என்பது கியூஎமு தரும் உறுதி. சிபியு கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் முறையில் அந்த உறுதி கிடையாது. அங்கே ஏற்படும் ஓட்டைகள் சாதாரணப் பிழைகளாகத்தான் கணக்கில் வரும். கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. சந்தேகப்படும் நிரலைப் 'பாதுகாப்பாக' ஓட்டிப் பார்க்க எமுலேட்டரைத் தேடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கம், கடைசியில்கூடப் படிக்காத பக்கம்.

இனி இந்தத் தொழிலின் மையத்துக்கு வருவோம்.

போர்டு ஒன்றின் ஆவணம் எப்படி எழுதப்படுகிறது? கியூஎமுவின் ஆர்ம் போர்டுப் பக்கங்கள் பலவற்றில் இரண்டு பட்டியல் இருக்கும். முதலாவது, செய்து முடித்த கருவிகள்: சிபியு, இன்டரப்ட் கன்ட்ரோலர், டைமர், சீரியல் போர்ட், எஸ்டி கார்டு. இரண்டாவது, இல்லாத கருவிகள். முதல் பட்டியலை எழுத டெவலப்பர்களைக் கேட்கவே வேண்டாம். இரண்டாவதற்குத்தான் அவர் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும். தான் செய்யாததை எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வராது. ஆனால் பயனரின் நாளைக் காப்பாற்றுவது இரண்டாவது பட்டியல்தான்.

ராஸ்பெர்ரி பை 4 போர்டு 9.0 பதிப்பில், 2024-ல் சேர்ந்தது. கார்டெக்ஸ்-ஏ72, நான்கு கோர், 2 ஜிபி. கேட்கவே நன்றாக இருக்கிறது. இல்லாதவை பட்டியலில் அதற்கென்று இரண்டு வரி: பிசிஐஇ, ஈதர்நெட். ஈதர்நெட் இல்லை என்றால் என்ன என்று யாருக்கும் புரியும். பிசிஐஇ இல்லை என்ற வரியைப் படிக்கிறவர், 'எனக்கு எதற்கு பிசிஐஇ' என்று தாண்டிப் போவார். அவருக்குத் தெரியாதது, பை 4-ல் கீபோர்டும் மவுஸும் மாட்டுகிற நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளை இயக்கும் சிப் பிசிஐஇ வழியாகத்தான் சிபியுவோடு பேசுகிறது என்பது. அந்த ஒரு வரிக்குள் நான்கு போர்ட்டுகள் மறைந்திருக்கின்றன. இல்லாத கருவியின் பெயரை மட்டும் எழுதினால் பாதி வேலை. அது இல்லாததால் எது போகும் என்பதையும் எழுதினால்தான் முழு வேலை.

சீரியல் போர்ட்டில் இன்னொரு பொறி. பை 3-ல் இரண்டு சீரியல் கருவிகள்: பிஎல்011 ஒன்று, 'மினி யுஆர்ட்' ஒன்று. உண்மையான போர்டில் பிஎல்011 ப்ளூடூத்துக்குப் போய்விட்டது. கன்சோல் வருவது மினி யுஆர்ட்டில். அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதப் பழகுகிற மாணவர்களுக்கான பாடங்கள் பலவும் மினி யுஆர்ட்டில் 'ஹலோ' எழுதச் சொல்கின்றன. கியூஎமுவிலோ முதல் சீரியல் ஆப்ஷன் பிஎல்011-க்கு, இரண்டாவதுதான் மினி யுஆர்ட்டுக்கு. மாணவர் ஒரே ஒரு சீரியல் ஆப்ஷன் கொடுத்திருப்பார். அவருடைய 'ஹலோ' சரியாகத்தான் வெளியே போகிறது, கேட்க ஆளில்லாத போர்ட்டுக்கு. முதலாவதை வெற்று என்று அறிவித்து, இரண்டாவதைத் திரைக்குத் திருப்பினால் வந்துவிடும். எமுலேட்டரிலும் பிழையில்லை, பாடத்திலும் பிழையில்லை, மாணவரின் நிரலிலும் பிழையில்லை. மூன்றும் சேரும் இடத்தில் ஒரு வாக்கியம் குறைகிறது.

மேலே சொன்ன மாணவர் அடுத்து மாட்டும் இடம் முகவரிகள். பை 1, பை 2, பை 4 மூன்றிலும் கருவிகளின் தொடக்க முகவரி வேறு வேறு. பரவலாகப் படிக்கப்படும் பிராட்காம் நிறுவனத்தின் பிடிஎஃப் முதல் தலைமுறைச் சிப்புக்கானது. அதில் பிழைகள் இருப்பதும், அவற்றைத் தொகுத்த திருத்தப் பட்டியலைப் பயனர்களே வைத்திருப்பதும் பை உலகில் எல்லோருக்கும் தெரியும். எமுலேட்டரில் கருவியைச் செய்கிறவர் பிடிஎஃப்பைப் பார்ப்பார், லினக்ஸ் டிரைவரையும் பார்ப்பார். டிரைவர் தொடுகிற ரெஜிஸ்டர்கள் சரியாக இருந்தால் லினக்ஸ் ஓடிவிடும். லினக்ஸ் தொடாத ரெஜிஸ்டரில் என்ன நடக்கும்? அங்கே மாணவர்தான் முதல் ஆளாகக் கால் வைக்கிறார். 'லினக்ஸில் சோதிக்கப்பட்டது' என்று ஒரு டெவலப்பர் எழுதிக் கொடுத்தால், ஆவண எழுத்தாளர் உடனே கேட்பது: எந்தக் கர்னல் பதிப்பு, எந்த டிரைவர்? அந்தப் பதிலையும் பக்கத்தில் எழுதிவிடுவார்.

விளையாட்டு இயந்திரங்களை எமுலேட் செய்யும் மேம் திட்டம் இல்லாததைச் சொல்வதை வேறு விதமாகக் கையாள்கிறது. 1997-ல் நிக்கோலா சல்மோரியா தொடங்கியது. ஒவ்வோர் இயந்திரத்தின் நிரலிலும் 'ஒலி முழுமையில்லை', 'படம் முழுமையில்லை', 'ஓடாது' என்று கொடி நாட்டுவார்கள். விளையாட்டைத் திறந்தவுடன் அந்த எச்சரிக்கை திரையில் வந்து நிற்கும். தள்ளிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆவணம் எழுதுகிறவருக்குப் பொறாமை தருகிற ஏற்பாடு இது. கியூஎமு அப்படிச் செய்தால் மேக மையங்களில் ஓடும் ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட்கள் அழும் என்பதும் உண்மைதான்.

இல்லாத கருவிகளின் பட்டியலில் வரிகள் குறைவதும் உண்டு. பை போர்டுகளின் எஸ்பிஐ கன்ட்ரோலர் ரொம்ப நாள் 'இல்லாதவை'யில் இருந்தது. 2024-ல் ஒருவர் அதைச் செய்து கொடுத்தார், வரி மேலே ஏறியது. அப்படி ஏறும்போது எஸ்பிஐ இல்லை என்று வேறெங்கோ போகிற போக்கில் எழுதிய வாக்கியங்கள் நிற்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு ஒரு வேட்டைச் சுகம்.

சலிப்பான வேலைகளும் நிறைய. நிரல்கள் கியூஎமுவோடு பேசுவதற்கான கட்டளைகள் தனி வரையறைக் கோப்புகளில் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் 'எந்தப் பதிப்பிலிருந்து' என்று குறிக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று பதிப்பு: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் வாக்கில். 8.1-க்கு என்று எழுதிய மாற்றம் ஆய்வில் இழுத்துக்கொண்டு போய், பதிப்பு உறைந்துவிட்டால், 8.2-ல்தான் சேரும். நிரலை யாரும் தொட வேண்டாம், குறிப்பில் உள்ள எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். அதை மறப்பது மிக எளிது. விளக்கமே எழுதாமல் விட்ட உறுப்புகளுக்கு, கையேட்டில் 'ஆவணப்படுத்தப்படவில்லை' என்று கருவியே அச்சடித்துவிடும். அந்தச் சொல்லைத் தேடினால் வேலைப் பட்டியல் தயார். இவை தவிர, தலைப்புக்குக் கீழே போடும் கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் ஸ்ஃபிங்ஸ் முறைக்கும், உள்தள்ளல் ஓர் இடம் பிசகினால் பட்டியல் மேற்கோளாகிவிடும். இதையெல்லாம் எழுதிப் பத்திரிகை இடத்தை அடைப்பானேன்.

நீக்குவது தனிக் கலை. கியூஎமுவில் ஓர் ஆப்ஷனையோ போர்டையோ திடீரென்று தூக்க முடியாது. 'கைவிடப்படவிருப்பவை' பக்கத்தில் முதலில் பெயர் ஏற வேண்டும். அறிவித்த பதிப்பிலும் அதற்கு அடுத்ததிலும் அது ஓடியாக வேண்டும், அதன்பிறகே நீக்கலாம். நீக்கிய பிறகும் பெயர் சாவதில்லை, 'நீக்கப்பட்டவை' பக்கத்துக்குக் குடிபோகிறது, பதிலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்போடு. இன்டெல் கைவிட்ட ஹாக்ஸ்எம் என்ற முடுக்கி 8.2-ல் போனது. மாக்ஸி, யூனிகோர்32, எல்எம்32 போன்ற யாரும் தொடாத சிபியுக்களும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. பழைய கட்டளையோடு வருகிறவர் தேடினால் அந்தப் பெயர் கிடைக்க வேண்டும். அதனால் 'நீக்கப்பட்டவை' பக்கத்தைச் சுருக்கலாம் என்று யார் சொன்னாலும் அவர் முதல் ஆளாக மறுப்பார். கையேட்டிலேயே நீளமாக வளர வேண்டிய பக்கம் அது என்பது அவர் வாதம்.

நீக்குவதிலேயே சிக்கலானது, பதிப்பு எண் ஒட்டிய இயந்திர வகைகள். எக்ஸ்86-ல் வழக்கமாகக் கிடைக்கும் 'பிசி' இயந்திரம், இன்டெல் 1996-ல் கொண்டுவந்த 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போல நடிப்பது. கியூஎமு மாறும்போது அந்த நடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். உள்ளே ஓடும் கணினிக்கோ வன்பொருள் மாறியதாகத் தெரியக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடவும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு பதிப்பின் நடிப்பையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். பல ஆண்டுகளில் அது மலையாகச் சேர்ந்துவிட்டது. 2024-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மூன்று ஆண்டு ஆனால் கைவிடப்படவிருப்பது, ஆறு ஆண்டு ஆனால் நீக்கம். எந்த எண்வரை என்பதை ஒவ்வொரு பதிப்பிலும் யாராவது கையால் திருத்துவார்கள் என்று நம்பவில்லை. கையேட்டைக் கட்டும்போதே நடப்புப் பதிப்பு எண்ணிலிருந்து அது கணக்கிடப்பட்டு வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கையேட்டில் அந்த வாக்கியம் தானாகத் திருந்திக்கொள்ளும். வாடிக்கையாளரின் சர்வரில் இருக்கும் பழைய அமைப்புக் கோப்பு திருந்தாது. கியூஎமுவை உயர்த்தியதும், கேட்ட இயந்திர வகை இல்லை என்று அது நின்றுவிடும். அதற்காக அவர் எழுதிய இடப்பெயர்வுக் குறிப்பு ஒரு பக்கம்தான். முதல் படி, உள்ளே ஓடும் கணினியை இடைநிறுத்தாமல் முழுவதுமாக ஷட்டவுன் செய்வது. இரண்டாவது, டிஸ்க் இமேஜை நகலெடுப்பது. மூன்றாவதுதான் வகையின் பெயரை மாற்றுவது. நான்காவது, விண்டோஸாக இருந்தால் முதல் துவக்கத்தில் புதிய வன்பொருள் கண்டதாகச் சொல்லும், ஆக்டிவேஷனும் மறுபடி கேட்கலாம், பயப்பட வேண்டாம். ஆய்வுக்கு அனுப்பியபோது, படி ஒன்றும் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எடுத்துவிடலாமே என்று ஒரு சீனியர் எழுதியிருந்தார். "வேணும்னா நாலாவதை எடுத்துடலாம் சார், முதல் ரெண்டும் இருக்கட்டும்" என்று பதில் எழுதினார் அவர். நான்கும் அப்படியே அச்சாயின.